க்ஷேமம் இல்லாத கடுதாசி

ஆசை வந்தவன் ஆட்டுப் புழுக்கையையும் எண்ணி வைப்பான் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் பெரியப்பாவுக்கு ஆசை வந்தது கடுதாசிகளின் மேல். தனக்கு வந்த கடுதாசிகள் என்றாலாவது அர்த்தம் உண்டு. இவையோ, அவர் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்ட ஒரு மனிதர் தமக்கு வேண்டப்பட்ட யார் யாருக்கோ எழுதியவை. எழுதினவரும் இல்லை, வாங்கினவர்களும் இல்லை. காகிதம் மட்டும் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தது. அதைத் தேடிக்கொண்டு பெரியப்பா வெயிலில் அலைந்தார்.

எழுதினவரை எங்கள் பக்கத்தில் பாட்டுச்சாமி என்பார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் சங்கீதம் படித்துவிட்டுக் கம்பைநல்லூர்ப் பக்கம் வந்து சேர்ந்தவர். ஒரு மிட்டாதார் அவர் பாட்டில் மயங்கி நிலம் கொடுத்துக் குடிவைத்தாராம். அவர் கட்டிய கீர்த்தனைகளைத்தான் சுற்றுப்பட்ட ஊர்களின் பஜனைக் கோயில்களில் எல்லாம் பாடினார்கள். எங்கள் ஊர்ப் பஜனைக்குப் பெரியப்பா தலைமை. பகலெல்லாம் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்து மாட்டோடு மாடாகக் கத்துகிற தொண்டை, மார்கழி விடியலில் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்ததும் வேறு யாருடையதோ ஆகிவிடும். "பாதித் தொண்டை மாட்டுக்கு, பாதித் தொண்டை சாமிக்கு, பொண்டாட்டிக்கு வெறும் இருமல்தான்" என்று பெரியம்மா சொல்வாள்.

பாட்டுச்சாமியின் பாட்டுகளில் பெரியப்பாவுக்கு உயிர் ஒரு முகாரிப் பாட்டு. முகாரி அழுகிற ராகம். தூங்கப் போன பிள்ளை எழுந்திருக்கவில்லை, நான் கூப்பிட்டால் காது கேட்கவில்லை, நீயாவது கூப்பிட்டுப் பாரேன் என்று சாமியிடம் கேட்பதாக அந்தப் பாட்டு போகும். பெரியப்பா அதைப் பாடினால் பஜனைக்கு வந்த பெண்கள் முந்தானையை எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு மார்கழியில் தர்மபுரியிலிருந்து ஒரு பாகவதர் கதை சொல்ல வந்தார். விஷயம் தெரிந்தவர், வாயும் கொஞ்சம் நீளம். பெரியப்பா முகாரியைப் பாடி முடித்ததும் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துவிட்டு, இது பாட்டுச்சாமி கட்டினது இல்லை என்று சபை நடுவில் சொல்லிவிட்டார். பாட்டுச்சாமியின் கடுதாசிகள் சிலவற்றை அவர் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறாராம். எதை எடுத்தாலும் க்ஷேமம், க்ஷேமம். பிள்ளை குட்டி, பசு கன்று என்று சுகப்பட்டு இருந்த மனுஷனாம்.

"வூட்ல எழவு வுழாதவன் கட்டின முகாரி, உப்பு போடாத களி மாதிரிதான் இருக்குங்க. இதுல உப்பு இருக்குது. இது வேற எவனோ வயிறு எரிஞ்சவன் கட்டினது" என்றார்.

அவரை அழைத்து வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். பெரியப்பா ஆர்மோனியத்தின் துருத்தியை மூடி, கொக்கியை மாட்டி, துணியைப் போர்த்திவிட்டு எழுந்து வந்தார். அந்த வருஷம் மிச்சப் பஜனைக்கு அவர் போகவில்லை. அப்போது ஆரம்பித்ததுதான் இந்தக் கடுதாசி வேட்டை. பாட்டுச்சாமியின் கையெழுத்தாலேயே அந்தப் பாகவதர் வாயை அடைக்க வேண்டும் என்பது அவர் வைராக்கியம்.

வைராக்கியத்துக்கு வாய் கட்டு, கால் கட்டு கிடையாது என்பார்கள். அறுப்பு முடிந்து ஆளுக்கு வேலையில்லாத மாதங்களில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பாட்டுச்சாமியிடம் பாடம் கேட்டவர்களின் பேரன், கொள்ளுப்பேரன் வீடுகளாகத் தேடிப் போவார். சில வீடுகளில் கடுதாசியைப் பூஜையில் வைத்துச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கேட்டு வாங்குவது, கோயில் கும்பத்தைக் கழற்றித் தா என்று கேட்பது மாதிரி. வேறு சில வீடுகளில் பெருங்காயம் மடித்து வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் மருமகள் அடுப்புப் பற்றவைத்துவிட்டு, "நேத்து வந்திருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டாளாம். பெரியப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

கொண்டுவந்ததை வாசிப்பது என் வேலை. பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. நான் அப்போது நாலாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். படித்தது போதும் என்று நிறுத்தியிருந்தார்கள். பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இருக்காது, எல்லாம் பாம்பு மாதிரி ஒரே ஓட்டமாக ஓடும். முதலில் முழி பிதுங்கிற்று. போகப் போக எங்கே மூச்சு விட வேண்டும் என்பது பிடிபட்டது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

பாட்டுச்சாமி கடுதாசியில் பேசுகிற மாதிரியே எழுதுவார். தம்புராவுக்கு நல்ல தந்தி கிடைத்தால் வாங்கி அனுப்பு என்பார். இன்ன இடத்தில் நிஷாத ஸ்வரத்தை லேசாகத் தொட்டால் போதும், அதன் தலையில் ஏறி உட்காராதே என்பார். அவசரமாகப் பாடுகிற ஒரு சிஷ்யனுக்கு, நீ போகிற வேகத்துக்கு என் பாட்டு எதற்கு, ரெட்டை மாட்டு வண்டி போதுமே என்று எழுதியிருந்தார். அந்த இடம் வரும்போதெல்லாம் பெரியப்பா தொடையில் தட்டிக்கொள்வார். ஆனால் எந்தக் கடுதாசியை எடுத்தாலும் மேலே பிள்ளையார் சுழி, அடுத்த வரியில் இங்கு யாவரும் க்ஷேமம். பாகவதர் சொன்னது அப்படியே இருந்தது. க்ஷேமம் என்று நான் வாசிக்கும்போது பெரியப்பாவின் முகம், எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி சிறுத்துக்கொண்டே போகும்.

ஒருநாள் பெரியம்மாதான் முடிச்சை அவிழ்த்தாள். அடுப்படியிலிருந்து கேழ்வரகு மாவுக் கையோடு எட்டிப் பார்த்து, "எழவுக் கடுதாசிய எவன் வூட்ல வெச்சிருப்பான்? அதான் கிழிச்சுப் போட்டுட்டு வந்துடுவாங்களே" என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சாவுச் செய்தி கொண்டு வந்த கடுதாசியை வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுவரக் கூடாது. தெருவில் நின்று வாசிக்க வேண்டும், அங்கேயே கிழித்துப் போட வேண்டும், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடுதான் உள்ளே வர வேண்டும். துண்டுகளை யாரும் பொறுக்கமாட்டார்கள். காற்று கொண்டுபோகும். பாட்டுச்சாமிக்கு வந்த துக்கம் எல்லாம் அப்படித்தான் எந்த எந்தத் தெருவிலோ பறந்து போயிருந்தது. மிஞ்சியது க்ஷேமம் மட்டும். பெரியப்பா பெரியம்மாவைப் புதிதாகப் பார்ப்பது மாதிரி பார்த்தார். அன்றிலிருந்து அவர் தேடியது ஒரே ஒரு கடுதாசியை. எங்காவது ஒருத்தன் வழக்கத்தை மீறிக் கிழிக்காமல் வைத்திருக்கமாட்டானா என்று.

இதற்கு நடுவில்தான் எங்கள் அண்ணன் பட்டாளத்துக்குப் போனது. பெரியப்பாவுக்கு ஒரே பிள்ளை. என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு காரிமங்கலம் சந்தைக்குப் போகிறவன். அந்தச் சந்தையில்தான் ஆள் எடுக்க வந்தவர்கள், சேர்ந்தால் மோட்டார் ஓட்டக் கற்றுத் தருவோம் என்று சொன்னார்கள். அண்ணனுக்கு மோட்டார் என்றால் பைத்தியம். பஸ் போன பிறகும் அதன் புகையை மோந்துகொண்டு நிற்பான். நாலு ஊர் பார்த்துவிட்டு வரட்டும் என்று பெரியப்பா சம்மதித்துவிட்டார். பெரியம்மா மட்டும் சோறு போட்டுக்கொண்டே, "பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லு" என்றாள். அண்ணன் அதற்கும் சிரித்தான்.

முதலில் அவனிடமிருந்தும் கடுதாசிகள் வந்தன. ஊர்ப் பேர் எழுதின இடத்திலெல்லாம் யாரோ கறுப்பு மை பூசியிருப்பார்கள். லாரி ஓட்டுகிறேன், இங்கே தேங்காய் எண்ணெயில் மீன் பொரிக்கிறார்கள், இங்கு எல்லோரும் க்ஷேமம் என்று எழுதியிருப்பான். அதையும் நான்தான் வாசிப்பேன். பெரியம்மா கறுப்பு மை பூசின இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இங்கதான் இருக்கிறான் என்பாள். பிறகு ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். கடுதாசி நின்றுவிட்டது.

அரிசி கிடைக்காத காலம் அது. மண்ணெண்ணெய் கிடையாது, மழையும் இல்லை. பெரியம்மா, கப்பலில் போய் வந்தவன், பர்மாவிலிருந்து நடந்து வந்தவன் என்று யார் பெயர் காதில் விழுந்தாலும் அந்த ஊருக்குப் போய்விடுவாள். எங்கள் பிள்ளையைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். பார்த்தேன் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் சொன்ன அடையாளம் ஒன்றும் ஒத்துவராது. ஒத்துவராவிட்டாலும் அவர்களுக்குக் கம்பு மாவு கொடுத்துவிட்டு வருவாள்.

கடைசியில் ஒரு காகிதம் வந்தது. அச்சடித்தது, இங்கிலீஷில் இருந்தது. கணக்குப்பிள்ளை வாசித்துச் சொன்னார். பெரியப்பா அதை எடுத்துக்கொண்டு வீட்டு வாசல் வரை வந்தார். படியில் கால் வைக்கவில்லை. பெரியம்மா உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"செத்துட்டான்னு போட்டிருக்குதா?"

இல்லை என்றார்.

"உசுரோட இருக்கிறான்னு போட்டிருக்குதா?"

இல்லை, காணவில்லை என்று போட்டிருக்கிறது என்றார்.

"அப்பறம் இன்னாத்துக்கு அது ஒரு கடுதாசி" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா உள்ளே போய்விட்டாள்.

அதைக் கிழிக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. பெரியப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சட்டையோடு துவைப்புக்குப் போய் அது கூழாக வெளியே வந்தது. துவைத்தது பெரியம்மா. தெரிந்து துவைத்தாளா, தெரியாமல் துவைத்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் உறவுக்காரர்கள் வந்து வந்து பேசினார்கள். என் அப்பாவும் பேசினார். இத்தனை காலம் ஆகிவிட்டது, உடம்புக்குப் பதில் வாழைக்கட்டையோ எதுவோ வைத்துக் காரியத்தைச் செய்துவிட்டால் அந்த ஆத்மாவும் போய்ச் சேரும், வீட்டிலும் ஒரு நல்லது கெட்டது நடக்கும் என்றார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பெரியம்மாதான், "சேதி வராம எவ தலை முழுவுவா? நான் தலை முழுவிட்டு நிக்கிறப்ப அவன் வந்து ஏம்மா தலை ஈரமா இருக்குதுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள். பேச வந்தவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

பெரியப்பா மறுபடி கடுதாசி தேடப் போனார். ஊரில் சிரித்தார்கள். வீடு பற்றி எரியும்போது கூரையில் பூசணிக்காய் தேடுகிறான் என்றார்கள். என் அம்மாவே அப்படித்தான் சொன்னாள்.  பெரியம்மா அவர் போகும்போது துணியில் களி கட்டிக் கொடுத்தாள்.

அந்தக் கடுதாசி கடைசியில் காரிமங்கலத்தில் அகப்பட்டது. பாட்டுச்சாமியின் மூத்த சிஷ்யர் ஒருவரின் வம்சத்தார் வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். வீட்டில் இல்லை, அவர்களுடைய மாட்டுக்கொட்டகைக் கூரையில் மூங்கில் குழாய்க்குள் செருகிக் கிடந்தது. கூரை மாற்றும்போதெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி செருகி வைத்திருக்கிறார்கள். என்னவென்று கேட்டால், எறியாதே என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதனால் எறியவில்லை என்றார்களாம். பெரியப்பா வாரக்கணக்கில் நடையாய் நடந்து அதைக் கேட்டு வாங்கினார். கழியட்டும் என்று கொடுத்துவிட்டார்கள்.

அதை அவர் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. எங்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையின் ஓரத்து இறவாணத்தில் செருகிவிட்டு என்னை அங்கே கூப்பிட்டார். பாட்டு முழுக்கப் பின்பக்கத்தில் இருந்தது, பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை. முன்பக்கம் கடுதாசி. நான் வாசிக்க வாசிக்க, புரை விழுந்த கண்ணிலிருந்து அவருக்குத் தண்ணீர் வடிந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டாரே. பெரியம்மாவிடம் மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டு, வழியில் நொறுங்கிவிடும் என்று கடுதாசியை அங்கேயே விட்டு, மறுநாள் காலையில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் தர்மபுரிக்குக் கிளம்பினார். பாகவதரைக் கையோடு அழைத்து வந்து, சொன்ன வாயாலேயே மாற்றிச் சொல்லவைக்கப் போகிறேன் என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள். மாட்டுக்கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தாள்.

"உங்க பெரியப்பன் நேத்திலிருந்து இந்த இறவாணத்தையே பார்த்துகினு இருந்தாரு. இன்னா புள்ள அங்க?"

நான் மாட்டுக் கயிற்றைத் திருகினேன். அவள் அதட்டவில்லை. கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். எட்டிக் குழாயை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, தவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். படி என்றாள். எழவுக் கடுதாசி பெரியம்மா என்றேன். தெரியும், படி என்றாள்.

அதில் பிள்ளையார் சுழி இல்லை. க்ஷேமமும் இல்லை. எடுத்ததுமே விஷயம்தான். நம்முடைய குமாரன் மைசூர்ச் சீமைக்கு வண்டிகளோடு போன இடத்தில் பேதி கண்டு தவறிவிட்டதாகத் திரும்பி வந்த வண்டிக்காரர்கள் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்கே தெரியவில்லை. வழியோரமாக ஒரு மரத்தடியில் அடக்கம் செய்ததாகச் சொல்கிறார்கள். நான் முகம் பார்க்கவில்லை. பிடி மண் போடவில்லை. அவன் தாயார் இன்னும் அவனுக்கும் சேர்த்தே உலை வைக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பெரியம்மா அங்கே கையைக் காட்டி நிறுத்தினாள். "அந்தம்மா பேரு எழுதியிருக்குதா?"

மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றேன்.

"எழுத மாட்டாங்க. மேல படி."

இத்துடன் ஒரு பாட்டு வந்தது. அதைப் பின்புறம் எழுதியிருக்கிறேன். ராகம் முகாரி. பாடம் பண்ணிக்கொள். நான் இருக்குமட்டும் என் எதிரில் பாட வேண்டாம். இதை வாசித்ததும் கிழித்துவிட்டுத் தலை முழுகவும்.

அவ்வளவுதான் கடுதாசி. கீழே ஒரு கையெழுத்து. பெரியம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை படிக்கும்போது அவள் உதடும் கூடவே அசைந்தது. மாடு வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"கடைசியில இன்னா சொல்றாரு?"

கிழித்துவிட்டுத் தலை முழுகச் சொல்கிறார் என்றேன்.

"அந்தச் சிஷ்யன் கிழிக்கலியே."

பாட்டு இருந்ததால் கிழிக்க மனசு வரவில்லையாம், பெரியப்பா சொன்னார் என்றேன்.

பெரியம்மா மாட்டின் நெற்றியைத் தடவினாள். பிறகு, எனக்குச் சொல்வது மாதிரி இல்லாமல் சொன்னாள்: "சேதிய வாங்கிகினு செய்ய வேண்டியதச் செய்யலைன்னா அந்தப் புள்ள எங்க போவும்? உள்ளயும் வர முடியாம, போவவும் முடியாம, இத்தன வருசமா வாசல்லயே நின்னுகினு இருக்குது. கால் வலிக்காதா அதுக்கு?"

என் கையிலிருந்து கடுதாசியை வாங்கிக்கொண்டாள். பெரியப்பா வைவார் பெரியம்மா, பாகவதருக்குக் காட்டணும் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனாள். வீட்டு வாசலுக்கு நேராக, படிக்கு வெளியே நின்றாள். பழைய காகிதம், அப்பளம் மாதிரி, கிழிக்கவே வேண்டியதில்லை, விரல் பட்டதும் நொறுங்கியது. அப்படியும் அவள் விடாமல் சின்னச் சின்னதாகக் கிழித்தாள். எதிர்வீட்டுக்காரி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். என் அம்மா உள்ளேயிருந்து வந்து, பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். யாரும் பெரியம்மாவைத் தடுக்கவில்லை.

கிணற்றடியில் அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஓர் ஒப்பாரி இல்லை, ஒரு சத்தம் இல்லை. வாளி கிணற்றில் விழுகிற சத்தம் மட்டும். அவிழ்ந்த கூந்தலோடு ஈரப் புடவை தரையில் கோடு இழுக்க வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். என் அம்மா போய் அடுப்பில் இருந்த உலையை இறக்கி, நெருப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். மத்தியானம் எனக்குப் பசித்தது. கேட்கத் துணிவில்லை.

எனக்குப் பெரியம்மா மேல் அவ்வளவு கோபம். எழவுக் கடுதாசியைக் கொட்டகையில் வைத்தது தரித்திரம் என்று பயந்துபோய் இப்படிச் செய்துவிட்டாள், படிக்காத ஜென்மம் என்று நினைத்தேன். பெரியப்பா வந்ததும் வீடு இரண்டாகப் போகிறது என்று காத்திருந்தேன்.

வெயில் தாழ்கிற நேரத்துக்குப் பெரியப்பாவும் பாகவதரும் தெருமுனையில் வந்தார்கள். பாகவதர் சிரித்துக்கொண்டு வந்தார். காட்டுமய்யா காட்டும், தோற்றால் உம்ம ஆர்மோனியத்துக்கு நான் துருத்தி போடுகிறேன் என்று அவர் சொன்னது எங்கள் வாசல் வரை கேட்டது. பெரியப்பாவும் என்னவோ பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். தெருவில் காகிதத் துண்டுகள். சில துண்டுகள் சாக்கடையோரம் ஒதுங்கியிருந்தன, சிலவற்றைக் கோழி கொத்திக்கொண்டிருந்தது. கண் சரியாகத் தெரியாதவர், குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தார். அவள் தலையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவளும் அவரைப் பார்த்தாள். 

நான் முந்திக்கொண்டு நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். என் அம்மா என் தோளைப் பிடித்த பிடி, சதை கன்றிப்போயிற்று.

பெரியப்பா பாகவதர் பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு கடுதாசி இல்லீங்க சாமி. நீங்க சொன்னதுதான் நெசம். அந்தப் பாட்டு அவரு கட்டினது இல்ல" என்றார்.

இத்தனை வருஷம் அலைந்த மனிதர், தன் வாயாலேயே பொய் சொல்லித் தோற்றுப்போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாகவதர் கெக்கலி கொட்டப் போகிறார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தெருவைப் பார்த்தார், பெரியம்மாவின் தலையைப் பார்த்தார். தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.  பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காமல், போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பி நடந்துவிட்டார். ஜெயித்துவிட்ட மிதப்பு, மரியாதைகூடத் தெரியவில்லை என்று நான் அவர் முதுகைப் பார்த்து முறைத்தேன்.

பெரியப்பா சட்டையைக் கழற்றி வாசலுக்கு வெளியிலேயே போட்டார். கிணற்றடிக்குப் போனார். நான் பின்னால் போய்த் துவைகல்லுக்கு இந்தப் பக்கம் நின்றேன். தெற்கே பார்த்து நின்றுகொண்டு, வாளி வாளியாகச் சேந்தித் தலையில் ஊற்றிக்கொண்டார். நின்றாற்போல் நின்று ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர் தோள் குலுங்கியது குளிரினால் என்று நினைத்தேன். தர்மபுரி ரோட்டுப் புழுதி லேசில் போகாது.